நள்ளிரவில் தானாக ரீபூட் ஆன சர்வரும் கெர்னல் அமைப்புகளும்

எங்கள் அலுவலகத்தின் தரவுத்தள சர்வர், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நள்ளிரவு கடந்த நேரங்களில் தானாக ரீபூட் ஆகத் தொடங்கியது. தினமும் அல்ல, வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும், பிறகு ஏதோ ஓர் இரவில் விழுந்து எழும். காலையில் பார்த்தால் எல்லாச் சேவைகளும் இயல்பாக இருக்கும். அப்டைம் (கடைசியாக எழுந்ததிலிருந்து ஓடிய நேரம்) மட்டும் சில மணி நேரத்தைக் காட்டும். 128 ஜிபி நினைவகம், பல வட்டுகளை ஒன்றாக இயக்கும், பேட்டரி உள்ள ரெய்டு அட்டையின் கீழ் சுழலும் வட்டுகளால் ஆன ரெய்டு 5 தொகுப்பு, அதன்மேல் எக்ஸ்டி4 கோப்பமைப்பு, ராக்கி லினக்ஸ் 8, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்பது அந்த இயந்திரத்தின் அமைப்பு. காரணத்தைத் தேடிய வழியையும், கடைசியில் மாற்றிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்புகளையும், வேண்டுமென்றே மாற்றாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

காரணம் தெரியாத ரீபூட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரீபூட் செய்யும் முடிவை எடுத்தது யார் என்பதே. யாரோ ஒருவரோ ஒரு நிரலோ கட்டளை கொடுத்திருக்கலாம். மின்சாரமோ வன்பொருளோ வாட்ச்டாக் கடிகாரமோ (உறைந்த இயந்திரத்தைத் தானே ரீபூட் செய்யும் காவல் கடிகாரம்) இயந்திரத்தை அறுத்திருக்கலாம். அல்லது கெர்னலே தன்னை நிறுத்திக்கொண்டு மறுபடி எழுந்திருக்கலாம். லாஸ்ட் கட்டளையை -எக்ஸ் விருப்பத்துடன் ஓட்டினால் முதல் வகையை உடனே விலக்கிவிடலாம். ஒழுங்காக நிறுத்தப்பட்ட இயந்திரத்தில் ரீபூட் வரிக்கு முன்னால் ஷட்டவுன் என்றொரு வரி இருக்கும். எங்கள் சர்வரில் அந்த வரி இல்லை. அப்போது திறந்திருந்த அமர்வுகளின் முடிவில் "கிராஷ்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. ஆகவே யாரும் கட்டளை கொடுக்கவில்லை.

நம் ஊரில் சர்வர் விழுந்தால் எல்லோரும் முதலில் கை காட்டுவது கரண்டையும் யூபிஎஸ்ஸையும்தான், இங்கும் அப்படியே நடந்தது. ஆனால் அதே யூபிஎஸ்ஸில் இருந்த மற்ற இயந்திரங்கள் அந்த இரவுகளில் அசையவே இல்லை. இரண்டு மின்வழங்கிகளில் எதற்கும் மின்சாரம் போனதாகப் பதிவும் இல்லை. இந்தப் பதிவை மதர்போர்டில் தனியாக இயங்கும் மேலாண்மைச் சில்லான பிஎம்சி வைத்திருக்கிறது. ஐபிஎம்ஐடூல் கருவியில் எஸ்இஎல் என்ற நிகழ்வுப் பட்டியலைக் கேட்டால் கிடைக்கும். வெப்பநிலை எச்சரிக்கை, திருத்த முடியாத ஈசிசி (நினைவகப்) பிழை, வாட்ச்டாக் காலாவதி ஆகியவையும் அதில்தான் விழும். நினைவகப் பிழைகளுக்கு ஈடாக் எண்ணிகளையும் பார்த்தேன், எல்லாம் பூச்சியம். வன்பொருள் அறுத்திருந்தால் பிஎம்சி இவ்வளவு அமைதியாக இருந்திருக்காது என்பதால் சந்தேகம் கெர்னல் பக்கம் திரும்பியது.

கெர்னல் பேனிக் ஆகியிருந்தால், அதாவது தொடர முடியாதென்று தன்னை நிறுத்திக்கொண்டிருந்தால், அதற்கு முந்தைய செய்திகள் எங்காவது இருக்க வேண்டும். இருக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ராக்கி லினக்ஸ் 8-இல் ஜர்னல் என்ற இயந்திரப் பதிவேடு இயல்பாக நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. வார் அடைவின் லாக் பகுதியில் ஜர்னல் என்ற அடைவை நாமே உருவாக்கினால் அல்லது ஸ்டோரேஜ் அமைப்பை பெர்சிஸ்டென்ட் என்று மாற்றினால்தான் அது வட்டில் தங்கும். ஆர்சிஸ்லாக் என்ற பதிவு நிரல் எழுதும் மெசேஜஸ் கோப்பு வட்டில் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அது ரீபூட்டுக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே ஒரு சாதாரண வரியோடு நின்றுபோயிருந்தது. திடீரென்று அறுபட்ட இயந்திரத்தின் லாக் ஏறக்குறைய கடைசி வரை எழுதியிருக்கும். இதுவோ நிமிடக்கணக்கில் எழுத முடியாமல் இருந்து, பிறகு விழுந்திருக்கிறது. இந்த இடைவெளியைக் கவனித்ததுதான் தேடலைத் திசைதிருப்பியது: வட்டே அடைபட்டிருந்தால், அந்த வட்டில் சாட்சியைத் தேடுவது வீண்.

எனவே வட்டைத் தொடாத இடங்களில் வலை விரிக்க வேண்டியிருந்தது. வழக்கமான வழி கேடம்ப். பேனிக் ஆனவுடன் ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தைச் சேமிக்கும். ஆனால் இந்தச் சர்வரின் பூட் வரியில் கிராஷ்கெர்னல் ஒதுக்கீடு நீக்கப்பட்டிருந்தது. அதைச் சேர்க்க ரீபூட் வேண்டும், தரவுத்தளத்தை நிறுத்த அப்போது அனுமதி இல்லை. ஓடும் இயந்திரத்திலேயே செய்யக்கூடியவை இரண்டு இருந்தன.

ஒன்று நெட்கன்சோல். கெர்னல் செய்திகளை யூடிபி வழியாக நேரடியாக வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பும் மாட்யூல் அது. கோப்பமைப்பையோ பயனர் நிரல்களையோ நம்பாமல், பேனிக் நேரத்திலும் வேலை செய்யும். பெறும் பக்கம் இயல்பாக 6666-ஆம் போர்ட். பெறும் இயந்திரம் அதே உள்வலையமைப்பில் (லேன்) இருப்பது நல்லது. ரௌட்டரைத் தாண்டி அனுப்புவதானால் அந்த ரௌட்டரின் மேக் முகவரியையும் கொடுக்க வேண்டும். டிமெசேஜ் கட்டளையின் -என் விருப்பத்தால் கன்சோல் அளவை (எந்த முக்கியத்துவம் வரையுள்ள செய்திகள் காட்டப்படும் என்பதை) 8-க்கு உயர்த்தாவிட்டால் எச்சரிக்கை வரிகள் வந்து, அவற்றின் கீழே வரவேண்டிய கால் ட்ரேஸ் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) வராமல் போகலாம்.

இன்னொன்று அதிகம் பேசப்படாத வழி. பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐ மாட்யூலுக்கு பேனிக்_ஆப் என்றோர் அளபுரு உண்டு. அதற்கு நன், ஈவென்ட், ஸ்ட்ரிங் என்ற மூன்று மதிப்புகளில் ஒன்றைத் தரலாம். ஸ்ட்ரிங் என்று வைத்தால், பேனிக் ஆகும்போது கெர்னல் தன் கடைசி வாக்கியத்தைத் துண்டுகளாக்கி பிஎம்சியின் எஸ்இஎல் பட்டியலில் எழுதிவிட்டுத்தான் விழும். சிஸ் கோப்பமைப்பில் அந்த மாட்யூலின் அளபுருக் கோப்பில் எழுதினால் போதும், ரீபூட் தேவையில்லை. பிஎம்சிக்குச் சொந்த நினைவகம் இருப்பதால் வட்டு அடைபட்டாலும் வலையமைப்பு விழுந்தாலும் அந்த வாக்கியம் பிழைத்திருக்கும்.

அடுத்த ரீபூட் வந்தபோது எஸ்இஎல்லில் "ரன்-டைம் கிரிட்டிக்கல் ஸ்டாப்" என்ற பதிவும், அதன்கீழ் ஓஇஎம் பதிவுகளாகச் சில பதினறும எண் வரிசைகளும் இருந்தன. ஒவ்வொரு பதிவிலும் 11 பைட் எழுத்து. முதல் வரிசையின் எழுத்துப் பகுதி 68, 75 என்று தொடங்கியது. ஆஸ்கி அட்டவணையை வைத்து மூன்று வரிசைகளையும் கோத்துப் படித்தால் "ஹங்_டாஸ்க்: பிளாக்ட் டாஸ்க்ஸ்" என்று வந்தது. கெர்னல் கெட்டுப்போய் விழவில்லை. ஏதோ ஒரு புராசஸ் (ஓடும் நிரல்) நீண்ட நேரம் அசையாமல் கிடந்ததைப் பார்த்து, தனக்குக் கொடுக்கப்பட்ட விதிப்படி தானே பேனிக் ஆகியிருக்கிறது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று கெர்னல் அமைப்புகளை வைத்திருக்கும் சிஸ்கண்ட்ரோல்.டி அடைவில் தேடியதும் ஒரு பழைய கோப்பு அகப்பட்டது.

கெர்னல்.ஹங்_டாஸ்க்_பேனிக் = 1
கெர்னல்.பேனிக் = 10
கெர்னல்.பேனிக்_ஆன்_ஊப்ஸ் = 1

முதல் வரியின் இயல்பு மதிப்பு 0. அப்போது கெர்னல் எச்சரிக்கை எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டாவதன் இயல்பும் 0, அதாவது பேனிக் ஆனால் யாராவது வந்து பார்க்கும்வரை அப்படியே நிற்கும். 10 என்றால் பத்து நொடியில் ரீபூட். இந்தச் சர்வர் முன்பு இரண்டு இயந்திரங்கள் கொண்ட கிளஸ்டரில் ஒன்றாக இருந்தது. அங்கே இந்தக் கோப்பு முற்றிலும் நியாயமானது: பாதி உயிரோடு தவிக்கும் இயந்திரம் சீக்கிரம் விழுந்தால்தான் மற்றது பொறுப்பேற்க முடியும். கிளஸ்டர் கலைக்கப்பட்டபோது கோப்பு மட்டும் தங்கிவிட்டது. துணை இல்லாத சர்வரில் அதே விதி, ஓர் இடைக்காலத் தாமதத்தை முழு ரீபூட்டாக மாற்றுகிறது.

அந்த வரியை 0 ஆக்கிவிட்டால் ரீபூட் நின்றுவிடும். பலர் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் கெர்னலின் இயல்பு எல்லையான 120 நொடிக்கு மேல் ஒரு புராசஸ் வட்டுக்காகக் காத்துக் கிடந்தது உண்மை, அதைத் தொட்டுப் பார்க்காமல் அலாரத்தை மட்டும் அணைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஹங் டாஸ்க் எச்சரிக்கையை அச்சிடும் கெர்னல், அந்த எச்சரிக்கையை நிறுத்தும் கட்டளையையும் அதன் கீழேயே அச்சிடுகிறது. அதையே தீர்வு என்று எண்ணி அப்படியே ஒட்டிய சர்வர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெட்கன்சோல் பிடித்த வரிகளில் காத்துக் கிடந்தவை யார் என்பது தெளிவாக இருந்தது. கோப்பமைப்பின் ஜர்னலை (மாற்றக் குறிப்பேடு; முன்பு சொன்ன பதிவேடு அல்ல) எழுதும் ஜேபிடி2 என்ற புராசஸ் ஒன்று. சில போஸ்ட்கிரெஸ் புராசஸ்கள், எல்லாமே டி நிலையில், அதாவது வட்டுக்காகக் காத்து, குறுக்கிட முடியாத உறக்கத்தில். அவற்றின் கால் ட்ரேஸில் ஈஎக்ஸ்டி4_சிங்க்_ஃபைல், அதன் மேலே ஜேபிடி2_லாக்_வெயிட்_கமிட். தரவுத்தளம் ஒரு சிறு கமிட்டை (முடிந்த பரிவர்த்தனையை) வட்டில் உறுதிசெய்ய எஃப்சிங்க் கேட்டிருக்கிறது. கோப்பமைப்பின் ஜர்னல் அதற்கு முன்னால் வேறு ஏதோ பெரிய சுமையை எழுதி முடிக்கக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஓடிய பெரிய சுமை ஒன்றே ஒன்றுதான்: இரவு பேக்கப். அது முதலில் இதே வட்டுத் தொகுப்பில் எழுதப்பட்டு, பிறகே வேறு இடத்துக்கு நகலாகும்.

ஆனால் பேக்கப் தினமும் ஓடுகிறது, ரீபூட் தினமும் வருவதில்லை. இந்த முரணைத் தீர்க்க மெமின்ஃபோ கோப்பிலுள்ள டர்ட்டி (வட்டுக்குப் போகக் காத்திருப்பது), ரைட்பேக் (எழுதப்பட்டுக்கொண்டிருப்பது) ஆகிய இரண்டு எண்களைப் பத்து நொடிக்கு ஒருமுறை படித்து, யூடிபி வழியாக வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பும் சிறு ஸ்கிரிப்டை வைத்தேன். சாதாரண இரவுகளில் பேக்கப் தொடங்கியதும் டர்ட்டி 30 ஜிபியைத் தாண்டி ஏறி, இரண்டு நிமிடங்களுக்குள் இறங்கியது. கெட்ட இரவில் அது ஏறியது, இறங்கவே இல்லை. அன்று வட்டுக்குப் போன எழுத்து வேகம் நொடிக்குச் சுமார் 60 எம்பி. மற்ற நாட்களில் அதைப்போல் பல மடங்கு.

வட்டு ஏன் சில இரவுகளில் மட்டும் மெதுவாகிறது என்பதற்கான விடை ரெய்டு அட்டையின் சொந்த நிகழ்வுப் பதிவில் இருந்தது. அதுவும் வட்டில் அல்லாமல் அட்டையிலேயே தங்கும் பதிவு என்பதால் முழுதாகக் கிடைத்தது. அட்டையின் கேஷுக்கு (எழுத்துகளைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம்) பாதுகாப்பாக உள்ள பேட்டரியை, தன் கொள்ளளவை மறுபடி அளந்துகொள்வதற்காக, அட்டை குறிப்பிட்ட இடைவெளியில் முழுதாக இறக்கி ஏற்றுகிறது. இதை பேட்டரி ரீலேர்ன் என்பார்கள். அட்டையைப் பொறுத்து இது மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ நடக்கும். அந்தச் சில மணி நேரமும் பேட்டரியை நம்ப முடியாது என்பதால், கேஷில் வாங்கியதுமே முடிந்ததாக அறிவிக்கும் ரைட்-பேக் முறையைக் கைவிட்டு ரைட்-த்ரூ முறைக்கு மாறிவிடும்: ஒவ்வோர் எழுத்தும் உண்மையான வட்டைத் தொட்டபின்தான் முடிந்ததாக அறிவிக்கப்படும். சுழலும் வட்டுகளில் ரெய்டு 5-இன் சிறு எழுத்துகளுக்கு, பழைய தரவையும் பேரிட்டியையும் (வட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் கணக்கீடு) படித்துக் கணக்கிட்டு இரண்டையும் மறுபடி எழுத வேண்டும். கேஷ் இல்லாமல் அது படுமந்தம். அட்டை தன் சொந்த நாட்காட்டிப்படி ரீலேர்ன் நடத்துகிறது, பேக்கப் தன் நேரத்தில் ஓடுகிறது. இரண்டும் ஒரே இரவில் மோதினால்தான் விபத்து.

மோதினாலும் எல்லா முறையும் விழாததற்கும் காரணம் கெர்னலிலேயே உண்டு. ஹங் டாஸ்க்கைத் தேடும் கேஹங்டாஸ்க்டி இயல்பாக 120 நொடிக்கு ஒருமுறைதான் சுற்றி வருகிறது. ஒரு புராசஸ் ஒரு சுற்றுக்கு அடுத்த நொடியே சிக்கினால், அடுத்த சுற்றில்தான் அதைக் குறித்துக்கொண்டு, அதற்கும் அடுத்த சுற்றில் முடிவெடுக்கும். ஆகவே 120 முதல் 240 நொடி வரை எங்கே வேண்டுமானாலும் பிடிபடலாம்; இடையில் ஒரே ஒரு முறை அசைந்துவிட்டாலும் தப்பித்துவிடும்.

இனி டர்ட்டி 30 ஜிபிக்கு மேல் ஏறவிட்டது யார் என்பது மீதி. விஎம்.டர்ட்டி_ரேஷியோ என்ற அமைப்பு, வட்டுக்கு இன்னும் போகாத பக்கங்கள் நினைவகத்தில் எத்தனை விழுக்காடு வரை சேரலாம் என்று சொல்கிறது. கெர்னலின் இயல்பு மதிப்பு 20. பின்னணியில் எழுதத் தொடங்கும் விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_ரேஷியோவின் இயல்பு 10. இந்தச் சர்வரிலோ முதலாவது 40 என்று இருந்தது. யாரும் கையால் மாற்றவில்லை; இயந்திரத்தின் செயல்திறனைச் சீரமைக்கும் டியூன்ட் சேவையின் த்ரூபுட்-பெர்ஃபார்மன்ஸ் புரொஃபைல் அந்த மதிப்பை வைக்கிறது. இந்த விழுக்காடு மொத்த நினைவகத்துக்கானது அல்ல, காலியாக உள்ளதும் கோப்புக் கேஷாக உள்ளதும் சேர்ந்த பகுதிக்கானது. தரவுத்தளத்துக்குப் போனது போக எங்களுக்கு 90 ஜிபி அளவு மிஞ்சும். அதில் 40 விழுக்காடு 36 ஜிபி. நொடிக்கு 60 எம்பி வேகத்தில் 36 ஜிபியை இறக்கப் பத்து நிமிடம் ஆகும். பெரிய மேல்நிலைத் தொட்டிக்கு அரை அங்குலக் குழாய் போட்ட கதைதான். நினைவகம் 4 ஜிபி இருந்த காலத்தில் விழுக்காட்டுக் கணக்கு பொருந்தியிருக்கலாம். நூறு ஜிபியைத் தாண்டிய இயந்திரங்களில், வட்டின் வேகத்தைக் கணக்கில் எடுக்காத எந்த விழுக்காடும் ஆபத்து என்பதே என் கருத்து.

ஆகவே விழுக்காட்டை விட்டுவிட்டு, பைட் கணக்கில் வரம்பு வைத்தேன்.

விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் = 268435456
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 1073741824

256 எம்பி சேர்ந்தவுடன் பின்னணியில் எழுதத் தொடங்கும். 1 ஜிபியைத் தொடுமுன் எழுதும் புராசஸ் தானே மெதுவாக்கப்படும். ரைட்-த்ரூ இரவிலும் 1 ஜிபி இறங்க இருபது நொடி போதும், ஹங் டாஸ்க் எல்லைக்கு வெகு கீழே. அதற்கு விலையாக பேக்கப் சற்று நீளும்; இரவில் அது யாரையும் பாதிக்காது.

மாற்றத்தை நம்புவதற்கு முன், கோளாறை நம் விருப்பப்படி வரவழைக்க முடிய வேண்டும். பராமரிப்பு நேரம் கிடைத்தபோது, அட்டையின் கேஷ் முறையைக் கையால் ரைட்-த்ரூவுக்கு மாற்றி, பழைய அமைப்புகளோடு பேக்கப்பை ஓட்டினேன். சில நிமிடங்களில் நெட்கன்சோலில் அதே வரிகள், அதே பேனிக். பிறகு புதிய பைட் வரம்புகளோடு அதே ரைட்-த்ரூ நிலையில் ஓட்டினால் டர்ட்டி 1 ஜிபியைத் தாண்டவில்லை. தரவுத்தளத்தின் கமிட்கள் நொடிக்கணக்கில் தாமதித்தன, ஆனால் எதுவும் சிக்கிக் கிடக்கவில்லை. அட்டையின் ரீலேர்னுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து "இன்னும் விழவில்லை, அப்படியானால் சரியாகிவிட்டது" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பேக்கப்பின் பக்கமும் கொஞ்சம் வேலை இருந்தது. அந்த ஸ்கிரிப்டில் ஐஓநைஸ் கட்டளை வைத்து வட்டு முன்னுரிமையைக் குறைத்திருந்தார்கள். ஆனால் இந்தக் கெர்னலில் வட்டுக்கு இருந்த எம்கியூ-டெட்லைன் திட்டமிடல் அந்த முன்னுரிமையைப் பொருட்படுத்துவதில்லை, அதனால் அந்த வரி வெறும் அலங்காரம். அதற்குப் பதிலாக, போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி_பேஸ்பேக்கப்பின் மேக்ஸ்-ரேட் விருப்பத்தால் வேகத்துக்கே எல்லை வைத்தேன். ரீலேர்ன் தானாக நடப்பதை நிறுத்தி, பேக்கப் இல்லாத ஞாயிறு பகலில் கிரான் என்ற நேர அட்டவணைச் சேவை வழியாகத் தொடங்கும்படி செய்தேன். பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் ரைட்-பேக்கிலேயே தொடரும்படி அட்டையைக் கட்டாயப்படுத்தும் வசதியும் உண்டு, அதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ரீலேர்ன் நேரத்தில் மின்சாரம் போனால், எழுதிவிட்டதாகத் தரவுத்தளத்திடம் சொல்லிவிட்ட தரவு காற்றோடு போகும் என்பதால் அதைத் தொடவில்லை.

கிளஸ்டர் காலத்துக் கோப்பில் ஹங்_டாஸ்க்_பேனிக் 0 ஆனது. அதோடு கெர்னல்.ஹங்_டாஸ்க்_வார்னிங்ஸ் என்பதை -1 ஆக்கினேன். இயல்பில் அது 10, பத்து எச்சரிக்கைகளுக்குப் பிறகு கெர்னல் வாயை மூடிக்கொள்ளும், -1 என்றால் எல்லை இல்லை. கெர்னல்.பேனிக்கும் பேனிக்_ஆன்_ஊப்ஸும் அப்படியே இருக்கின்றன: ஊப்ஸ் என்பது கெர்னலின் உள்நிலையே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்ட நிலை, அப்படிப்பட்ட கெர்னலில் தரவுத்தளத்தைத் தொடர்ந்து ஓட்டுவதைவிட விழுந்து எழுவது நல்லது. ஸ்வாப்பினஸ், ஓவர்கமிட், டிசிபி பஃபர் எதையும் தொடவில்லை. சர்வரை "டியூன்" செய்வதென்றாலே முப்பது வரிகளை ஒரே மூச்சில் ஒட்டும் பழக்கம் உண்டு. இந்தக் கோளாறுக்கு அவற்றில் ஒன்றுகூடத் தொடர்பில்லை.

அதே பராமரிப்பு நேரத்தில் கிராஷ்கெர்னலுக்கு 256 எம்பி ஒதுக்கி கேடம்ப்பை இயக்கி, சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர் கோப்பில் சி எழுத்தை எழுதி வேண்டுமென்றே ஒரு முறை விழவைத்து, டம்ப் கோப்பு உண்மையில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஜர்னலை வட்டில் தங்கும்படியும், லாக்கின் ஒரு பிரதி வேறொரு இயந்திரத்துக்குப் போகும்படியும் அமைத்தாயிற்று. கேடம்ப் இயங்கும்போது இரண்டாவது கெர்னல் முதலில் எழுந்துவிடுவதால், பிஎம்சியில் எழுதும் அந்தக் கடைசி வாக்கியம் இனி வராது. இரண்டும் வேண்டுமென்றால் பூட் வரியில் கிராஷ்_கெக்செக்_போஸ்ட்_நோட்டிஃபையர்ஸ் சேர்க்க வேண்டும். டம்ப்பே கிடைக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

பைட் வரம்புகளை வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டர்ட்டி_பைட்ஸும் டர்ட்டி_ரேஷியோவும் ஒன்றையொன்று விலக்குபவை. கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அதுதான் செல்லும், மற்றது தானாக 0 ஆகிவிடும். டியூன்ட் தன் புரொஃபைலை ஏற்றும்போது ரேஷியோவை 40 ஆக்குகிறது. அதன் இயல்பு அமைப்பில் ரீஅப்ளை_சிஸ்கண்ட்ரோல் இயங்குவதால், உடனே சிஸ்கண்ட்ரோல் கோப்புகளை மறுபடி ஏற்றி பைட் மதிப்பை மீட்டுத் தருகிறது. அந்த வசதியை யாராவது நிறுத்தியிருந்தால் கோப்பில் 1073741824 என்றும், ஓடும் கெர்னலில் 40 என்றும் இருக்கும். எனவே கோப்பைப் பார்க்காமல், பூட் ஆகி டியூன்ட் எழுந்த பிறகு ஓடும் மதிப்பையே படிக்க வேண்டும்: ரேஷியோ 0 என்றும் பைட்ஸ் முழு எண்ணாகவும் வந்தால் சரி.